வேகவைத்த இறாலின் நிறம்

இறால் பிடித்தே வயிறு வளர்த்தவளிடம் ஒரு டாக்டர் உனக்கு இறால் ஆகாது என்று சொன்னால் அவள் என்னதான் செய்வாள்? காந்தா அவரை ஒரு நிமிஷம் வெறித்துப் பார்த்தாள். பிறகு, வியாபாரி எடை போடும்போது தராசின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதுபோல அவருடைய மேசையை, நாற்காலியை, சுவரில் மாட்டியிருந்த சான்றிதழை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எங்கோ கல் குறைகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

"இன்னா சார் சொல்ற? இருபத்திரண்டு வருசமா அந்தத் தண்ணியிலதான் கெடக்குறேன்."

"அலர்ஜி எந்த வயசுலயும் வரும்மா. ரத்தத்துல ஈசினோபில்னு ஒரு வகை அணு. ஐநூறைத் தாண்டக்கூடாது. உங்களுக்கு ஐயாயிரத்து இருநூறு. இறால், நண்டு, ஏரித்தண்ணி, தூசி, எல்லாத்தையும் விட்டுடுங்க. இந்தப் பம்ப்பை வாயில வெச்சு ரெண்டு வேளை மூச்சை இழுங்க."

இறால், நண்டு, ஏரி. இந்த மூன்றையும் விட்டுவிட்டால் பழவேற்காட்டில் மிச்சம் இருப்பது பஸ் ஸ்டாண்டுதான். பம்ப்பைப் பையில் போட்டுக்கொண்டு அங்கேதான் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் இருமல் வந்தது.

ஆடியில் தொடங்கிய இருமல் அது. விடிவதற்கு முன் எழுப்பிவிடும். மார்புக்குள் யாரோ ஓட்டை விசிலை ஊதுவதுபோல ஒரு சத்தம். வெயில் ஏறினால் கொஞ்சம் தணியும், ஆனால் போகாது. சிரப் குடித்தாள், கஷாயம் குடித்தாள், கருப்பட்டியும் மிளகும் தின்றாள். ஐப்பசி வந்துவிட்டது. உடம்பு இளைத்ததே தவிர இருமல் இளைக்கவில்லை.

ஊரில் இருமாதவர் யார்? அவள் புருஷன் முனியன் பீடி இருமலோடுதான் கல்யாணப் பந்தலிலேயே உட்கார்ந்தவன். ஆனால் காந்தாவின் தொழிலில் இருமலுக்கு இடமில்லை. எட்டுப் பெண்கள் ஒரே வரிசையாக ஏரியில் இறங்குவார்கள். தூரத்துக்கு அடையாளமாக ஏரிக்குள் இடைவெளி விட்டுக் கம்பு நட்டிருக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் குந்திக் குந்தி நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறாலை அமுக்குவார்கள். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் பறியை, அதாவது இறால் போடும் பனையோலைக் கூடையை, பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். நாலு மணி நேரம் வாயைத் திறக்கக்கூடாது. திறந்தால் கூடை கவிழும், பிடித்ததெல்லாம் போன வழியே போகும். இருமினாலோ தனக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவளுக்கும் நஷ்டம். சத்தத்துக்கு இறால் துள்ளி ஓடிவிடும்.

அந்த வரிசையில் காந்தாவுடையது ஓரக்கை, ஓடைப் பக்கத்துக் கடைசி இடம். ஏழு பேர் கலக்கிய சேற்றிலிருந்து தப்பிக்கிற இறால் ஆழம் தேடி ஓடைப் பக்கம்தான் ஓடும். அங்கே கையை வைத்துக் காத்திருப்பவள் காந்தா. கை வேகமும் பல் பிடியும் இருப்பவளுக்குத்தான் அந்த இடம். ஒன்பது வருஷமாக அவள் அதை விட்டுக் கொடுத்ததில்லை.

வரிசைக்குத் தலைவி ராஜம்மா. ஐம்பது வயது. தண்ணீருக்குள் மூக்கால் முனகியே ஏழு பேரையும் மேய்ப்பவள். அவள் ஒருநாள் கரையில் வைத்துச் சொன்னாள்.

"இத பாரு காந்தா, மூணு வாரமா உன்னால எல்லாருக்கும் பேஜாராப் போச்சு. வர்ற அமாவாசைக்கு மொதல் கம்புலேர்ந்து மூணாங்கம்பு வரைக்கும் வாயில பறியோட வந்துடு. வந்தா உன் எடம் உனுக்கு. இல்லன்னா வினோதினி நிப்பா."

வினோதினி ராஜம்மாவின் மருமகள்.

"ஓ, மருமவளுக்கு எடம் பாக்குறியாக்கா? நல்லா பாரு, அப்பிடியே கட்டிலும் போட்டுக் குடு."

"சட்டம் போட்டது நானா, நீயா?"

சட்டம் போட்டது அவளேதான். ஒன்பது வருஷத்துக்கு முன் ஓரக்கையில் இருந்தவள் பூவிழி. அவளும் இருமினாள். விடிவதற்கு முன் விசிலடிக்கிற இதே மாதிரி இருமல். அப்போது காந்தாதான் எல்லாரையும் கூட்டி, அமாவாசை, மூன்று கம்பு என்று கணக்குச் சொல்லி, பேசிப் பேசி அந்த இடத்தை வாங்கினாள். முதல் கம்பு தாண்டுவதற்குள் பூவிழியின் பறி கவிழ்ந்தது. அந்த வருஷமே பூவிழி பொன்னேரிக்குப் போய் மார்க்கெட்டில் மீன் நறுக்கிக் கொடுக்க உட்கார்ந்தாள்.

'அவ கதை வேற, என் கதை வேற' என்று காந்தா தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவ்வளவு திருப்தியாக இல்லை.

அதற்குள் இறால் அலர்ஜி சமாச்சாரம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஏலத் திண்டில் நின்ற பச்சைமுத்து, "இன்னா காந்தா, நீ புடிச்ச எறால நீயே தொடக்கூடாதாமே? அப்ப எங்க தலையில கட்டுறியா?" என்றான். வீட்டில் முனியன் அதற்கு மேல். "கவலைப்படாதமே. நாளைக்கு எனுக்கும் ஒரு டாக்டரு குவாட்டர் அலர்ஜின்னு எழுதிக் குடுக்கட்டும், ரெண்டு பேரும் சாமியாராப் போயிடலாம்."

"உனுக்கு வேலைதான்யா அலர்ஜி. அதுக்கு டாக்டரு வேணாம், நானே எழுதித் தரேன்."

இடையில் சுகாதார நர்ஸ் வந்து, யானைக்கால் புழு இருந்தால் ராத்திரி ரத்தத்தில்தான் தெரியும் என்று சொல்லி, தூங்கினவளை எழுப்பி விரலில் குத்திக்கொண்டு போனாள். நாலு நாள் கழித்துச் சீட்டு வந்தது: புழு இல்லை. கையில் இப்போது இரண்டு சீட்டு. ஒன்று, ஏதோ பத்து மடங்கு இருக்கிறது என்றது. இன்னொன்று, ஒன்றுமே இல்லை என்றது. இரண்டையும் வைத்துக்கொண்டு மூச்சு விட முடியவில்லை.

வியாபாரிகள் நடுவே பிழைத்தவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு கடையில் சொன்ன விலையை அவள் விலையாகவே எடுத்துக்கொள்ள மாட்டாள். ஐயாயிரத்து இருநூறு என்று இவர் சொன்னால் இன்னொரு இடத்தில் கேட்டுப் பார்ப்போம், குறைத்துச் சொன்னாலும் சொல்வார்கள் என்று பொன்னேரி அரசு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். அங்கே ஐயாயிரத்து அறுநூறு என்று வந்தது. அவள் பிழைப்பில் விலை ஏறி அழுதது அன்றைக்குத்தான்.

"இன்னா பாப்பா இது, போன வாரத்துக்கு நானூறு ஏத்திட்ட?"

ரத்தம் பார்க்கிற மோகனப்பிரியா நிமிர்ந்தாள். முப்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் தூக்கி வைத்திருந்தாள். "நான் ஏத்தலக்கா, உங்க உடம்பு ஏத்துது. ராத்திரிலதான் இருமல் ஜாஸ்தியா?"

"விடிகாலை. மூணு மணி, நாலு மணி."

"ஆஸ்துமான்னாங்களா?"

"எறாலு அலர்ஜின்னாங்க."

மோகனப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காந்தாவின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கினாள். "இங்க வாங்க. இதுல ஒரு கண்ணை வெச்சுப் பாருங்க."

காந்தா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் வெளிறிய சிவப்பில் வட்ட வட்டமாக என்னமோ. அவற்றுக்கு நடுவே, கொஞ்சம் பெரிதாக, உள்ளே பொடிப்பொடியாக அடைத்த உருண்டைகள். அந்தப் பொடியின் நிறம் அவளுக்கு அத்துப்படி. உலைத் தண்ணீரில் போட்டு எடுத்ததும் வருகிற நிறம்.

"ஐய! வெந்த எறாலு கலரு!"

"அதான் ஈசினோபில். சாயம் போட்டா அந்தக் கலருல தெரியும். சாதாரணமா தேடித்தான் பாக்கணும். உங்க ரத்தத்துல எங்க பாத்தாலும் நிக்குது."

"அப்ப அந்த டாக்டரு சொன்னது நெசமா? எறாலு உள்ள பூந்துடுச்சா?"

"இல்லக்கா! அது உங்க ஆளு. உங்களுக்குக் காவல் காக்கிற ஆளு. கிருமி சின்னதா இருந்தா ஒரு அணு அதை அப்படியே முழுங்கிடும். புழுவை முழுங்க முடியுமா? அணுவைவிட எத்தனையோ மடங்கு நீளம். அதனால இவங்க கூட்டமா போவாங்க. சுத்தி ஒட்டிக்குவாங்க. உள்ள இருக்கிற அந்தப் பொடி இருக்கு பாருங்க, அது விஷம். அதைப் புழு மேல கொட்டுவாங்க."

"புழுதான் இல்லன்னு சீட்டுல போட்டிருக்கே."

"ரத்தத்துல இல்ல. கொசு கடிச்சு உள்ள வந்த பெரிய புழு எங்கியோ நெணநீர்க் குழாய்ல உக்காந்துகிட்டு குட்டி போட்டுட்டே இருக்கும். குட்டிங்க ரத்தத்துல சுத்த வந்தா, உங்க ஆளுங்க நுரையீரல்லயே மடக்கிடுறாங்க. அதான் விரல்ல குத்துனா ஒண்ணும் கிடைக்கல. எளாவூர் செக்போஸ்ட்டுல திருட்டு லாரி ஒண்ணு வருதுன்னா இன்னா பண்ணுவாங்க? போலீஸைக் குவிப்பாங்க. ரோடு முழுக்க ஜாம். லாரிக்காரன் ஆந்திராவுல உக்காந்து வண்டி வண்டியா அனுப்பிட்டே இருந்தா போலீஸும் நகராது, ஜாமும் தீராது. உங்க இருமல் அந்த ஜாம்தான். கொட்டுற விஷம் குட்டி மேல மட்டுமா படும்? நுரையீரல் மேலயும்தான்."

காந்தா மறுபடி கண்ணை வைத்தாள். வெந்த நிற உருண்டைகள் அசையாமல் நின்றன. ஒருவர் தோள் ஒருவர்மேல் இடிக்கிற கூட்டம். அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது.

"புத்தி கெட்டதுங்க. ஒரு ஓடைக்கு எட்டுப் பேரு எறங்கினா எறாலு வரும். எண்பது பேரு எறங்கினா ஏரிதான் கலங்கும். இத்த எவனும் அதுங்களுக்குச் சொல்ல மாட்டானா?"

"சொல்றதுக்கு வழி இருக்கு. குட்டி போடுறதை நிறுத்தணும்."

இன்னொரு ரத்தப் பரிசோதனை நடந்தது. புழுவுக்கு எதிராக உடம்பு செய்துவைத்த பொருள் அதில் ஏராளமாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரை எழுதினார். ஒரு நாளைக்கு மூன்று வேளை, சாப்பிட்ட பிறகு, இருபத்தொரு நாள்.

மாத்திரையைக் கையில் வாங்கியதும் காந்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெள்ளை மாத்திரை. நன்றாகத் தெரிந்த மாத்திரை.

வருஷா வருஷம் யானைக்கால் தடுப்பு என்று வீடு வீடாக வந்து கொடுத்தார்களே, அதுவேதான். கொடுப்பவர் முன்னாலேயே விழுங்கிக் காட்ட வேண்டும், வாயைத் திறந்து நாக்கைத் தூக்க வேண்டும். ஆனால் அதை விழுங்கினால் சில பேருக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். தலை சுற்றினால் தண்ணீரில் எப்படி இறங்குவது? நாலு மணி நேரம் பறியைப் பல்லில் சுமக்கிறவளுக்கு ஒரு மாத்திரையைக் கடைவாய்க்குப் பின்னால் ஒளிப்பது பெரிய வேலையா? வரிசையில் எட்டுப் பேரும் தேறினவர்கள்தான். காந்தா அதில் தலைசிறந்தவள். மாத்திரையை ஒதுக்கிக்கொண்டே தண்ணீரும் குடித்து, நாக்கையும் காட்டி, "நல்லா கீறியாம்மா?" என்று நர்ஸிடம் குசலமும் விசாரிப்பாள். நர்ஸ் தெருமுனை தாண்டியதும் கோழிக்குத் தூ என்று துப்புவாள்.

"கோழிக்கு யானைக்காலு வராம காப்பாத்திட்ட போ" என்றான் முனியன், விஷயம் தெரிந்ததும்.

அமாவாசைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. காந்தா பேரத்தில் இறங்கினாள். அடுத்த பஸ்ஸிலேயே திரும்பப் போய் மோகனப்பிரியாவைப் பிடித்தாள்.

"பாப்பா, மூணு மூணா இருபத்தோரு நாளு. ஆறு ஆறா போட்டா பத்து நாளுல முடிஞ்சிடும்ல?"

"இது மொத்த வியாபாரம் இல்லக்கா. அப்படிப் போட்டா நீங்கதான் முடிஞ்சிடுவீங்க."

"சரி, அஞ்சு."

"மூணு."

"நாலரை. உனுக்கும் வேணாம், எனுக்கும் வேணாம்."

"மூணுக்கா. நடுவுல நிறுத்தக்கூடாது. ஒரு வாரத்துல இருமல் குறையும். ஆனா முழுசாப் போக நாளாகும்."

வியாபாரிகளை ஏலத்தில் திணற வைத்தவள், மூன்று என்று வந்த விலைக்கே வாங்கிக்கொண்டு திரும்பினாள். ராஜம்மாவிடம் அடுத்த அமாவாசைவரை தவணை கேட்டாள். "பூவிழி கேட்டப்ப நீ குடுத்தியா?" என்ற ஒரே கேள்வியில் அந்தக் கடையும் மூடியது.

இரண்டாம் நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல வலி, இருமல் முன்பைவிட அதிகம். முனியன் பயந்துபோனான். "இந்த எழவு மாத்திரைய நிறுத்துமே. நோவு போவட்டும்னு முழுங்கினா நோவு ஜாஸ்தியாவுது."

"சாவுற புழு சும்மா சாவுமா? அந்தக் கலரு உருண்டைங்க இப்பத்தான் குஜாலா ஆடுதுங்க. பாப்பா முன்னாடியே சொல்லிச்சு."

சொன்னாளே தவிர நம்பிக்கை இல்லை. வாயில் மாத்திரை விழுந்ததும் நாக்கு பழக்கதோஷத்தில் அதைக் கடைவாய்க்குத் தள்ளப் பார்த்தது. அவள் தன் நாக்கோடு சண்டை போட்டு அதை விழுங்கினாள். பிறகு முனியனைக் கூப்பிட்டு வாயைத் திறந்து காட்டினாள். "பாரு. நல்லா பாரு." அவன் எட்டிப் பார்த்து, "ஒரு பல்லு சொத்தை" என்றான்.

எட்டாம் நாள் விடிந்தபின்தான் விழித்தாள். பத்தாம் நாள் விசில் சத்தம் பாதியாகியிருந்தது. அமாவாசை பன்னிரண்டாம் நாள்.

மழை விட்டிருந்தது. எட்டுப் பேரும் இறங்கினார்கள். வினோதினி ஏழாவதாக, காந்தாவுக்குப் பக்கத்தில். பறியைக் கடித்ததும் ஓலையின் உப்பு நாக்கில் பட்டது. முதல் கம்பு தாண்டியாயிற்று. கை தானாக ஓடியது. ஓடைப் பக்கம் ஓடிவந்த இறால் ஒவ்வொன்றாக விரலுக்குள் வந்து துடித்தது. இரண்டாம் கம்பு. பறி கனத்தது. கழுத்து நரம்பு இழுத்தது. மூன்றாம் கம்பு கண்ணுக்குத் தெரிந்தது. அதன்மேல் ஒரு கொக்கு உட்கார்ந்து, இதெல்லாம் தனக்காக நடப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தது.

பத்தடி இருக்கும்போது மார்பின் அடியில் அரித்தது.

காந்தா பல்லை இறுக்கினாள். இருமல் வாய் மூடியிருப்பதைக் கண்டு மூக்கு வழியாகப் புறப்பட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணில் நீர் கொட்டியது. உடம்பு குலுங்கியதில் தண்ணீர் அதிர்ந்து, காலடியில் இறால் பொலபொலவென்று சிதறி ஓடைக்குள் பாய்ந்தது. பறி மட்டும் கவிழவில்லை. குலுங்கிக்கொண்டே நகர்ந்து மூன்றாம் கம்பைப் பிடித்துவிட்டாள். கொக்கு பறந்தது.

ராஜம்மா திரும்பி, மூக்கால் நீளமாக முனகினாள். அதற்கு 'போச்சு' என்று அர்த்தம். காந்தா பறியை விரலால் சுட்டிக்காட்டி இரண்டு மடங்கு சத்தமாக முனகினாள். வினோதினி ஓடைப் பக்கம் கையைக் காட்டி முனகினாள். எட்டுப் பேர் வாயிலும் கூடை. ஒருத்தியாலும் ஒரு வார்த்தை பேச முடியாமல், கையை ஆட்டியும் கண்ணை உருட்டியும் மாடுகள்போல ஏரி நடுவில் ஒரு பெரிய சண்டை நடந்தது. வலை போட வந்தவர்கள் படகை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள்.

கரைக்கு வந்ததும் பறியை இறக்கிவிட்டு காந்தா பொரிந்தாள். "பறி கவுந்துச்சா? கவுழலல்ல? சட்டத்துல இன்னா கீது? பறிதான கீது?"

"பறி எதுக்குடி கவுழக்கூடாதுன்னு வெச்சோம்? எறாலு ஓடக்கூடாதுன்னுதான? ஓடிச்சா இல்லியா?"

"மூக்குல இருமுனதுக்கு இன்னா சட்டம்?"

"நீதான் பேசுறதுல கெட்டிக்காரி. ஆனா போன எறாலு உன் பேச்சுக்குத் திரும்பி வருமா?"

யாரும் காந்தாவின் பக்கம் பேசவில்லை. அவர்கள் இடத்தில் அவள் இருந்தாலும் பேசியிருக்க மாட்டாள். அதுதான் அவளுக்கு அதிக எரிச்சல். ஓரக்கை வினோதினிக்குப் போயிற்று. காந்தாவுக்கு நடுவில் நாலாவது இடம், மற்றவர்கள் கலக்கிய சேற்றில் மிச்சம் தேடுகிற இடம். பன்னிரண்டு நாளும் முப்பத்துநாலு மாத்திரையும் பத்தடி குறைந்ததில் ஒன்றுமில்லாமல் போனது.

வீட்டுக்கு வந்து சோறு தின்றாள். மத்தியான மாத்திரையை எடுத்தாள். இனி யாருக்காக இதை விழுங்குவது என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். கோழி வாசலில் நின்று நம்பிக்கையோடு அவளையே பார்த்தது. "போ சனியனே" என்று விரட்டிவிட்டு விழுங்கினாள்.

அடுத்த நாள் வரிசைக்குப் போகாமல் பொன்னேரி பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரியில் மோகனப்பிரியாவிடம் அந்தப் பரிசோதனையின் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்தாள்.

பூவிழி மரக்கட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இடுப்பில் செருகிய பையிலிருந்து ஒரு பம்ப் எட்டிப் பார்த்தது. காந்தாவின் பையில் கிடந்த அதே நீல நிறப் பம்ப்.

"இன்னாடி அதிசயம்? ஓரக்கைக்காரி மீன் வாங்க வந்துட்டா?"

"உனுக்கு இன்னும் விடிகாலைல வருதா?"

"இன்னாது?"

"இருமலு."

கத்தி நின்றது. "ஒம்போது வருசமா வருது. ஆஸ்துமா. பழகிப்போச்சு. அத்த கேக்கவா பஸ்ஸேறி வந்த?"

காந்தா காகிதத்தை மீன் செதிலில் படாத ஓரமாக வைத்தாள். "ஆஸ்துமாவாவும் இருக்கலாம். புழுவாவும் இருக்கலாம். இத்த எடுத்துப் பாத்துடு. நான் எடுத்தேன், எனுக்குப் புழு. மாத்திரை முழுங்குறேன்." கொஞ்சம் நிறுத்தி, "நெசமாவே முழுங்குறேன்" என்றாள்.

பூவிழி காகிதத்தை எடுக்கவில்லை. காந்தாவை மேலும் கீழும் பார்த்தாள். பொருளை முகர்ந்து பார்த்து விலை கேட்கிற பார்வை.

"சரி, எனுக்குச் சரியாச்சுன்னு வெச்சுக்க. என் எடத்தத் திருப்பிக் குடுப்பியா?"

"இப்ப எங்கிட்டயே இல்லடி. நேத்துப் போயிடுச்சு."

"எப்பிடி?"

"மூணாங்கம்புல. இருமி."

பூவிழி சிரித்தாள். ஒன்பது வருஷமாகச் சேர்த்து வைத்த சிரிப்பு, பக்கத்துக் கடைக்காரிகளெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு நடுவழியில் இருமலாக மாறியது. அடியிலிருந்து விசிலோடு, விடாமல். காந்தாவுக்கு அதன் ஒவ்வொரு மேடும் பள்ளமும் தெரியும்.

அவள் மீன் கட்டைக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தாள். பையில் எட்டு நாள் மாத்திரை மிச்சம் இருந்தது. பூவிழிக்கு மூச்சு திரும்புகிறவரை காத்திருந்தாள். திரும்பியதும் பூவிழி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஈரக் கையை முந்தானையில் இரண்டு முறை நன்றாகத் துடைத்துவிட்டு, காகிதத்தை எடுத்தாள்.